ஆலை மூடிய பின்னும் ஓடும் ஊர்திகள்

(உரையின் எழுத்து வடிவம்)

மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் தேவராஜ மொஹல்லா ஒன்றாகும். புகழ்பெற்ற தேவராஜா சந்தை இங்குதான் உள்ளது. இந்நகரின் தெருக்களில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை இன்றும் காணலாம். செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1960-இல் தோன்றிய ஐடியல் ஜாவா நிறுவனம் மைசூரில் இவற்றை உருவாக்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஆலை நின்றபோதிலும் ஊர்திகள் நிற்கவில்லை. அவற்றைப் பேணும் பொறுப்பு சிறு பட்டறைகளைச் சேர்ந்தது.

மின்சாரக் கணக்கு

பழைய ஜாவா 250 வண்டியின் டைனமோ 6 வோல்ட், 45 வாட் திறனுடையது. 35 வாட் முகப்பு விளக்கும் 5 வாட் பின்விளக்கும் எரிந்தால் 40 வாட் செலவாகிவிடும். எஞ்சும் 5 வாட்டைக் கொண்டுதான் எரிபொறிச் சுருளையும் இயக்க வேண்டும்; பாட்டரிக்கும் மின்னேற்றம் செய்ய வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இந்த 45 வாட்டும் கிடைப்பதில்லை. நெரிசல் மிகுந்த தெருவில், இரவு நேரத்தில், விளக்கு மங்குவதன் காரணம் இதுவே. இது வசதிக் குறைவு மட்டுமன்று. உயிர்ப் பாதுகாப்பு பற்றிய பிரச்சினையுமாகும்.

12 வோல்ட்டுக்கு மாறுவதால் விளையும் பயனை எளிதில் கணக்கிடலாம். 35 வாட் விளக்கு 6 வோல்ட்டில் ஏறத்தாழ 5.8 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 12 வோல்ட்டில் 2.9 ஆம்பியரே போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்க, டயோடுகள் அதனை நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. டைனமோவில் விரைவில் தேயும் கம்யூட்டேட்டர் இதில் இல்லை. குறைந்த வேகத்திலும் இது பயன்தரும் அளவு மின்சாரம் தருகிறது.

வெளியிலா, உள்ளேயா?

ஆல்டர்னேட்டரை எங்கே பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. 1975-இல் வெளிவந்த ஹோண்டா கோல்டு விங் வண்டியில் மின்னாக்கும் சுருள் எஞ்சினின் பின்புறத்தில், உட்பகுதியில் அமைந்திருந்தது. அது பழுதுபட்டால் எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். எனவே வெளிநாடுகளில் பலர் கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை எஞ்சினின் முன்புறத்தில் பொருத்தி, பெல்ட் மூலம் அதனைச் சுழற்றினர். அவ்வண்டிக்கு அது தக்க தீர்வாக அமைந்தது.

ஜாவாவின் நிலைமை வேறு. அதன் டைனமோ எஞ்சினின் வலப்புற மூடியின் உள்ளே, கிராங்க் தண்டின் முனையில் உள்ளது. மூடியைக் கழற்றினாலே கைக்கு எட்டும். வெளி ஆல்டர்னேட்டர் வைத்தால் தாங்கி, கப்பி, பெல்ட், மழையும் சேறும் படாமல் காக்கும் மறைப்பு ஆகியன தேவைப்படும். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர், அதாவது 240 வாட், பெறுவதற்கு, செயல்திறன் 55 விழுக்காடு எனக் கொண்டால், எஞ்சின் 436 வாட் ஈடு செய்ய வேண்டும். இது அரைக் குதிரைத்திறனுக்கும் சற்று மேற்பட்டது. ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினில் இருபதில் ஒரு பங்கு என்பது சிறிய சுமையன்று. மேலும், கார் ஆல்டர்னேட்டரின் புலச்சுருளுக்குத் தொடக்க மின்சாரத்தைப் பாட்டரியே தர வேண்டும். பாட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால் மின்னாக்கம் தொடங்காது.

ஆதலால் டைனமோ இருந்த இடத்திலேயே காந்தச் சுழலி கொண்ட சிறு ஆல்டர்னேட்டரைப் பொருத்துவது ஜாவாவுக்கு ஏற்றது. எவ்வழியில் செய்தாலும் விளக்கு, ஹாரன், எரிபொறிச் சுருள், பாட்டரி ஆகிய அனைத்தும் 12 வோல்ட்டுக்கு உரியனவாக மாற்றப்படுதல் வேண்டும்.

அலுவலர்களின் கடமை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஊர்தியில் செய்யப்படும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. பட்டறைக்காரர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலரிடம் விளக்கம் பெறுவதும் நன்று. அவ்வாறு கேட்டு வருபவருக்குத் தெளிவான விடை கிடைக்கச் செய்வது அலுவலரின் கடமையாகும்.

1-4-2017 முதல் தயாரிக்கப்படும் இருசக்கர ஊர்திகளில் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டுமென்பது விதி. புதிய ஊர்திக்குப் பாதுகாப்பு விதியாக அமைந்த வெளிச்சம், பழைய ஊர்தி ஓட்டுபவருக்கும் தேவையே. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022-இல் குழு அமைத்தது. அவ்வுரிமை பயன்தர வேண்டுமானால் பழுது பார்க்கும் அறிவும் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகைய மாற்றத்தைப் பாடப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். மின்செலவுப் பட்டியல், பொருத்தும் வரைபடம், சோதனை அளவுகள் ஆகியவற்றை மாணவர்கள் பதிவு செய்தால், ஒரு மெக்கானிக்கின் கைத்திறன் அவரோடு மறைந்துபோகாது. ஓர் ஆலை மூடப்படும்போது இயந்திரங்களை விற்றுவிடலாம். அங்கு வளர்ந்த தொழிலறிவைக் காப்பதற்குத் தனியே திட்டமிட வேண்டும்.