அடியாளுக்கு நாற்காலி போட்டவர்கள்

ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தில் வில்லன்தான் கதாநாயகன். அண்ணனைக் கொல்லச் செய்கிறான், சிம்மாசனம் ஏறுகிறான், அண்ணன் பிள்ளைகளையும் தீர்த்துக்கட்டுகிறான். அவன் சாமர்த்தியத்தைக் கண்டு நாம் வாய்பிளந்து உட்கார்ந்துவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் வேறு வழியில் போனார். ஹிட்லருக்குத் தப்பி பின்லாந்தில் தங்கியிருந்த அவர், 1941ல் 'தடுத்திருக்கக்கூடிய அர்துரோ ஊய்யின் எழுச்சி' என்ற நாடகத்தை எழுதினார். தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது.

கதை நடப்பது சிகாகோவில். காலிபிளவர் வியாபாரம் படுத்துவிட்டது. மொத்த வியாபாரிகளின் கூட்டுக்கு நகரசபைக் கடன் வேண்டும். யோக்கியர் என்று பேர்பெற்ற கிழவர் டாக்ஸ்பரோவுக்குக் கம்பெனிப் பங்கும் பண்ணை வீடும் கொடுத்துக் காரியத்தை முடிக்கிறார்கள். ஊய் யார்? பிழைப்பற்றுக் கிடக்கும் ரவுடி. முதலாளிகள் முதலில் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். லஞ்ச ரகசியம் கையில் சிக்கியதும் கிழவரை மிரட்டி உள்ளே நுழைகிறான். பிறகு சில்லறைக் கடைக்காரர்களிடம் 'பாதுகாப்பு' மாமூல். மறுத்தால் கிடங்கு எரியும்.

கிழவர் யார் என்பதை விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டும். அவர் ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். கிழக்கு ஜெர்மனியின் விவசாயத்துக்கென்று ஒதுக்கிய சர்க்கார் பணம் பெரும் பண்ணையார்களின் மடியில் விழுந்த ஊழல்தான் நாடகத்தின் நகரசபைக் கடன்.

நமக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. நொடித்துப்போன ஒரு கிழட்டு நடிகனை ஊய் கூப்பிட்டு, நடக்க, நிற்க, உட்கார, பேசக் கற்றுக்கொள்கிறான். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சுத்தான் பாடம். இப்படி யாரும் நடப்பதில்லையே என்கிறான் கூட்டாளி. படித்தவன் சிரித்தால் சிரிக்கட்டும். எளியவன் மனதில் எஜமான் எப்படி இருக்கிறானோ, அப்படி இருந்தால் போதும் என்பது ஊய்யின் கணக்கு. ஜனங்கள் சிரிக்கிறார்கள். மேடையில் வில்லனின் தோரணை அவிழ்ந்து விழுகிறது. ரிச்சர்டுக்கு இது நேர்வதில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த நாடகத்தில் தொழிலாளி வர்க்கம் அமைப்பாக எங்கும் வருவதில்லை. பயந்த கடைக்காரர்கள்தான் வருகிறார்கள். வாஸ்தவத்தில் நடந்தது என்ன? 1932 ஜூலையில் 230 இடம் பெற்ற நாஜிகள், நவம்பரில் 196க்கு இறங்கினார்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 100, கூட்டினால் 221. ஆனால் கூட்ட ஆளில்லை. இரு கட்சிகளும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன; கம்யூனிஸ்டுகளும் இதற்கு விலக்கல்ல. அதே நவம்பரில் ஆலை முதலாளிகளும் பாங்கி முதலாளிகளும் பண்ணையார்களும் கையெழுத்திட்டு, ஹிட்லரைப் பிரதமராக்கும்படி ஹிண்டன்பர்க்குக்கு மனுப் போட்டார்கள். 1933 ஜனவரி 30ல் காரியம் முடிந்தது. இறங்கிக்கொண்டிருந்தவனை ஏணி போட்டு ஏற்றினார்கள், தோழர்களே!

கடைசிப் பகுதியில் வரும் வோட்டுக் காட்சியை நம் கலைக்குழுக்கள் தனியாகவே எடுத்து நடிக்கலாம். பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். காய்கறிக் கடைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். என்னை ஏற்காதவர் தாராளமாக வெளியே போகலாம் என்கிறான் ஊய். ஒருவன் எழுந்து போகிறான். பின்னாலேயே இரண்டு அடியாட்கள் போகிறார்கள். வெளியே துப்பாக்கிச் சத்தம். உள்ளே எல்லாக் கைகளும் உயர்கின்றன.