“இது எங்க இருக்கு, டீச்சர்?”

(வானொலியில் ஒலிபரப்பான சிந்தனையின் எழுத்து வடிவம்)



நான் சமூக அறிவியல் பாடத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. இந்த ஆண்டில் நாங்கள் 16 வாரங்கள் ஒரு பள்ளிக்குச் சென்று பாடம் நடத்திப் பழக வேண்டும். அந்த நாட்களில் ஒரு சிறுவன் எனக்குக் கற்றுத்தந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆறாம் வகுப்பில் தேசியச் சின்னங்கள் பற்றிய பாடம். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருந்தது. முந்தின இரவு வெகுநேரம் விழித்திருந்து படங்களைத் தயார்செய்து கொண்டுபோனேன். நம் தேசிய கீதம் 1950 ஜனவரி 24 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது, அதைப் பாடும் நேரம் ஏறக்குறைய 52 வினாடிகள் என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று கடைசியில் நானாக ஒன்றைச் சேர்த்தேன். உலகிலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையதுதான் என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது என்றேன். திரையில் பெரிய எழுத்தில் அதைப் பார்த்ததும் வகுப்பே கைதட்டியது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். “இது எங்க இருக்கு, டீச்சர்? புத்தகத்துல இல்லையே” என்றான்.

“எல்லாமே புத்தகத்துல இருக்காதுப்பா, உட்காரு” என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அன்று இரவு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு அது எங்கிருந்து தெரியும்? யோசித்துப் பார்த்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் என் மாமா அனுப்பும் செய்தி அது. தேடிப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவே இல்லை. பல ஆண்டுகளாகக் கைமாறி வரும் பொய் அது. அதை நான் ஆசிரியர் இடத்தில் நின்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்புக்குப் போகவே தயக்கமாக இருந்தது. பயிற்சிக்கு வந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயம். இருந்தாலும் சொன்னேன்: “நேத்து நான் சொன்னது தப்பு. சரிபார்க்காம சொல்லிட்டேன். கேள்வி கேட்ட தம்பிதான் சரி.” யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி மட்டும், “அப்படின்னா எங்க அப்பா போன்ல வர்றதையும் பார்க்கலாமா டீச்சர்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து பாடம் முடியும் கடைசி ஐந்து நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்கினேன்.

அன்பானவர்களே, நம் பள்ளிகளுக்கு இன்று நல்ல கருவிகள் பல வந்திருக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவற்றுக்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஸ்மார்ட் போர்டு என் பொய்யையும் பாடநூலின் உண்மையையும் ஒரே வெளிச்சத்தில்தான் காட்டியது. எது உண்மை என்று பார்க்கும் வேலையைக் கருவி செய்யாது. அது நம் வேலை.

தேசிய கீதம் பற்றிய ஒரு சின்னப் பொய்யால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, உறவினர்களோடு கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கூடியவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அவர்களும் யாரோ ஒரு டீச்சரிடம் படித்தவர்கள்தானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் நம் நாட்டில் பலரும் பகிர்ந்த ஒரு காணொளி உண்டு. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முடிவில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அறிவிப்பைக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்குக் கடத்தல் மட்டுமே தெரிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஐந்து பேருக்கு எதை அனுப்புகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பள்ளியிலேயே கற்றுத்தர முடியும். அண்டை மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் தடுப்பூசி பற்றிய வதந்திகளால் பெற்றோர் தயங்கினார்கள். அதன்பின் 2018இல் அங்கே சுமார் 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுகொள்வது என்றே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள்.

நான் நாளை ஆசிரியையாகப் போகும்போது பெரிய திட்டம் ஒன்றும் கொண்டுபோகப் போவதில்லை. நான்கு கேள்விகளைக் கொண்டுபோவேன். இதை முதலில் சொன்னது யார்? இது எப்போது, எங்கே நடந்தது? இதற்கு முன்னும் பின்னும் என்ன வெட்டப்பட்டிருக்கிறது? இதைப் படித்ததும் எனக்குக் கோபமோ பயமோ வந்தால், அது யாருக்கு லாபம்? இவற்றைக் கேட்க இன்டர்நெட்கூடத் தேவையில்லை. கரும்பலகை மட்டும் இருக்கும் வகுப்பிலும் கேட்கலாம்.

கேள்வி கேட்பது விசுவாசத்துக்கு எதிரானது என்று சிலர் நினைக்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பவுலும் சீலாவும் பெரோயா நகரில் போதித்தபோது, அங்கிருந்தவர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், அவர் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் உயர்ந்த மனமுடையவர்கள் என்றே நூல் பாராட்டுகிறது. பவுலின் போதனையையே சரிபார்த்தார்கள் என்றால், நமக்கு வரும் ஃபார்வர்டை நாம் சரிபார்ப்பதில் என்ன தவறு?

நம் பங்கிலும் அன்பியங்களிலும் குழுக்கள் இருக்கின்றன. “இந்தச் செபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினால் நாளைக்குள் அற்புதம் நடக்கும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும்” என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். நம் கடவுள் அப்படிப் பயமுறுத்துகிறவரா? அனுப்பும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். தவறாக அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், அதே குழுவில், “நான் அனுப்பியது தவறு, மன்னிக்கவும்” என்று எழுதுவோம். அதை எழுதுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். என் மாமாவிடம் நான் விவரத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போது எதையாவது அனுப்பும் முன், “பாப்பா, இது நிஜமான்னு பாரு” என்று எனக்கு அனுப்பிக் கேட்கிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்று வீட்டில், “இது எங்க இருக்கு?” என்று கேட்டால் தயவுசெய்து, “வாயை மூடு” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அந்தப் பையன் என்னைக் கேட்காமல் இருந்திருந்தால், நான் அந்தப் பொய்யை இன்னும் முப்பது ஆண்டுகள் பாடமாக நடத்தியிருப்பேன்.

உண்மையின் இறைவன் நம் நாவையும் நம் விரல்களையும் காப்பாராக.