பக்கத்து அறைக் கணினி ஏன் திறக்க மறுக்கிறது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் பொறுமைக்கு முதலில் நன்றி. செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். வீட்டுக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்புகளைப் பகிர்வது பற்றியும், அது வேலை செய்யாதபோது எதைப் பார்க்க வேண்டும் என்பது பற்றியும் பேசச் சொன்னார்.

ஹாலில் பழைய டெஸ்க்டாப், பிள்ளைகளிடம் ஒரு லேப்டாப், அலுவலகம் கொடுத்தது இன்னொன்று. நம்மில் பலர் வீட்டில் இதுதான் நிலவரம். கல்யாணப் படங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும், லேப்டாப்பில் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் பென் டிரைவைத் தேடுகிறோம், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படத்தின் தரத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

ஃபோல்டரை ஷேர் செய்யும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. தனிச் செலவு இல்லை. முயன்று பார்த்தவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் நின்றிருப்பீர்கள். கணினி தெரியவே தெரியாது. அல்லது தெரியும், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். அல்லது உள்ளே போன பிறகு "அனுமதி இல்லை" என்று சொல்லும். உடனே யாராவது ஒருவர், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க சார், பாஸ்வேர்டை எடுத்துடுங்க, சரியாயிடும்" என்பார். சில சமயம் சரியாகியும் விடும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இந்த மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். எது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பூட்டையும் கழற்றாமலே சரிசெய்துவிடலாம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்க்க ஓர் உறவினர் வருகிறார். முதலில் அவர் சரியான வளாகத்துக்கு வந்து சேர வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விட வேண்டும். பெயர்ப் பலகையைப் பார்த்தோ, ஃபிளாட் எண்ணைக் கேட்டோ உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் என்று கேட்டு நீங்கள் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே வந்த பிறகும் பீரோ சாவி அவர் கையில் இருக்காது. கணினியிலும் இதே ஐந்து படிகள், இதே வரிசை.

முதல் படி, வளாகம். இரண்டு கணினியும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஐபிவி4 அட்ரஸ் என்ற எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.1.8 என்று இருந்தால் இரண்டும் ஒரே வளாகம். சாதாரண வீட்டு ரவுட்டரில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1.5, மற்றது 192.168.0.8 என்றால் இரண்டும் வேறு வேறு வளாகத்தில் இருக்கின்றன.

ஒரே வீட்டில் எப்படி இரண்டு வளாகம் வரும் என்று கேட்கலாம். ஃபைபர் இணைப்பு கொடுப்பவர் ஹாலில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார், அதிலேயே வைஃபை உண்டு. காங்கிரீட் சுவரைத் தாண்டிப் படுக்கையறைக்கு சிக்னல் வரவில்லை என்று நாம் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருப்போம். அது தனக்குக் கீழே தனி நெட்வொர்க் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும். இரண்டிலும் இன்டர்நெட் வரும், அதனால் நமக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஹால் பெட்டியில் இணைந்த கணினி, படுக்கையறை ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை எட்ட முடியாது. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

இதே படியில் இன்னும் மூன்று விஷயம். எண் 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள், தேவைப்பட்டால் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஒரு கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் மற்றதைப் பார்க்க முடியாது, கெஸ்ட் வைஃபை இருப்பதே அதற்காகத்தான். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு நெட்வொர்க் அடைபட்டிருக்கலாம். அதன் அமைப்பில் கை வைக்காதீர்கள், அது கம்பெனியின் பொருள்.

இரண்டாவது படி, வாட்ச்மேன். அதுதான் ஃபயர்வால். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று குறித்துவைத்துக்கொள்ளும். பப்ளிக் என்றால் ரயில் நிலையம், காபி கடை மாதிரி. வெளியிலிருந்து யார் கேட்டாலும் பதில் சொல்லாது. புதிய வைஃபையில் சேரும்போது பெரும்பாலும் பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளும். சற்றுமுன் சொன்ன அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில், வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். அங்கே பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். தனி ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். கோப்பு இருக்கும் கணினி ஸ்லீப்பில் போயிருந்தாலும் பதில் வராது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி, பெயர்ப் பலகை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்து, மற்ற கணினியின் பெயர் வரவில்லை என்றதும் பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். பலகையில் பெயர் இல்லை என்பதால் வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? ஃபிளாட் எண் தெரிந்தால் நேரே போய்க் கதவைத் தட்டலாமே. எக்ஸ்ப்ளோரரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று தட்டி என்டரை அழுத்துங்கள். எண்ணின் இடத்தில் உங்கள் கணினியின் எண்ணைப் போட வேண்டும். ஃபோல்டர்கள் வந்துவிட்டாலோ, பாஸ்வேர்டு கேட்டாலோ மகிழ்ச்சி. பகிர்வு நன்றாகத்தான் இருக்கிறது, பெயர்ப் பலகை மட்டும்தான் கோளாறு. அதைச் சரிசெய்ய, கோப்பு இருக்கும் கணினியில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். ரவுட்டர் அவ்வப்போது எண்ணை மாற்றிவிடக் கூடும். அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே எண் கொடுக்கும்படி ரவுட்டரிலேயே ஒதுக்கிவைக்கலாம்.

பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு 'ஹோம்குரூப்' எங்கே என்று தேடுபவர்களுக்கு ஒரு தகவல். 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். தேட வேண்டாம்.

நான்காவது படி, "யாரது?" என்ற கேள்வி. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்போது, கோப்பு இருக்கும் கணினியில் உள்ள கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியுடையது செல்லாது. தினமும் காலையில் போடும் நாலு இலக்க பின் எண்ணும் செல்லாது, அது அந்த ஒரு கணினிக்குள் மட்டும்தான் வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது.

இந்தத் தலைவலிக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. கோப்பு இருக்கும் கணினியில், பகிர்வுக்கென்றே ஒரு தனி லோக்கல் கணக்கு உருவாக்கி, அதற்கு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். மற்ற கணினிகளிலிருந்து வரும்போது அந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழையதையே கணினி நினைவில் வைத்துக்கொண்டு அடம் பிடித்தால், 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

ஐந்தாவது படி, பீரோ சாவி. உள்ளே வந்துவிட்டோம், ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிகள் உண்டு. ஒன்று பகிர்வுக்கான அனுமதி, மற்றொன்று டிஸ்கில் உள்ள அந்த ஃபோல்டருக்கே உரிய அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் போனால் முதல் அனுமதி மட்டுமே மாறும், இரண்டாவது அப்படியே இருக்கும். "எல்லாம் கொடுத்துவிட்டேன், ஆனாலும் மறுக்கிறது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே இடத்தில் 'ஷேர்' என்ற பட்டனை அழுத்தி, பகிர்வுக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, படிக்க மட்டுமா, எழுதவுமா என்று சொன்னால் இரண்டு அனுமதியும் சேர்ந்தே அமையும். முழு டிரைவையும் ஷேர் செய்ய வேண்டாம். 'பொது' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, தேவையானதை மட்டும் அதில் வையுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இவைதான். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் போய் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்துவிட்டு, அதன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் பகிர்வுக்கு உங்கள் கணக்கின் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். அந்த டிக்கை மறந்தால் விண்டோஸ் கணினி பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது, செய்யக் கூடாதவை.

ஃபயர்வாலை அணைக்காதீர்கள். ஓர் உறவினர் உள்ளே வர முடியவில்லை என்பதற்காக வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்புவோமா? அவர் பெயரை வாட்ச்மேனிடம் சொல்லிவைப்போம். இரண்டாவது படியில் நாம் செய்தது அதுதான்.

'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆஃப் செய்யாதீர்கள். செய்தால், உங்கள் வைஃபையில் இருக்கும் யாருக்கும் அந்த ஃபோல்டரின் கதவு திறந்துவிடக் கூடும். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். நவராத்திரிக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் நண்பர்கள், நெட் போன அன்று கேட்டு வாங்கிய எதிர் வீட்டுக்காரர். அவர்கள் நல்லவர்கள்தான். அவர்கள் கைபேசியிலும் கணினியிலும் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

'எஸ்எம்பி 1' என்ற பழைய முறையை மீண்டும் ஆன் செய்யாதீர்கள். கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்தும் முறையின் பெயர் எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின, நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி 1-இன் சர்வர் பகுதி இயல்பாக வருவதில்லை. பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்கோ, ரவுட்டரில் செருகிய டிஸ்க்கோ அதைக் கேட்டால், அந்தச் சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

"நேற்று வரை வேலை செய்தது, அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் பகிர்வுகளோடு கணினி தானாக இணையாது. அந்தக் காவலை நீக்கும் குறுக்குவழியைத் தேட வேண்டாம். எதிரே இருக்கும் சாதனத்தில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாக நம் சங்க அலுவலகம். அங்கே உள்ள கணினியில் பராமரிப்புக் கட்டணக் கணக்கு இருக்கிறது. நம் எல்லோருடைய கைபேசி எண்களும், வாடகைக்கு இருப்போரின் அடையாள ஆவண நகல்களும் இருக்கின்றன. பொருளாளரும் செயலாளரும் ஒரே ஃபோல்டரைப் பார்க்க வேண்டிய தேவையும் இருக்கிறது. ஆகவே பகிர்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று ஏற்பாடுகளைச் செயற்குழு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அலுவலகக் கணினி இந்தச் சமுதாயக் கூட வைஃபையில் இருக்கக் கூடாது. விசேஷத்துக்கு வருபவர்கள் எல்லோருக்கும் இந்த பாஸ்வேர்டு தெரியும். இரண்டு, பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்க வேண்டும். பொறுப்பு மாறும் அன்றே பழைய கணக்கை நீக்கிவிட வேண்டும், அலுவலகச் சாவியைத் திரும்ப வாங்குகிறோமே அது போல. மூன்று, வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். ஷேர் செய்த ஃபோல்டரை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால், அது எழுத அனுமதி பெற்ற பகிர்வு ஃபோல்டர்களையும் சேர்த்தே பூட்டிவிடும். வீட்டுப் படங்களுக்கும் இதே கதைதான்.

அடுத்த முறை கணினி மறுக்கும்போது எதையும் அணைப்பதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். வளாகமா, வாட்ச்மேனா, பெயர்ப் பலகையா, கதவா, பீரோவா என்று வரிசையாகக் கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சந்தேகம் இருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள், இங்கேதான் இருப்பேன்.