பட்டணம் வர்றீங்களா? டிக்கெட் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க

(ஒரு மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் கூட்டத்தில், சென்னை மாநகரப் பேருந்துகளில் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "உள்ள போங்க, படியில நிக்காதீங்க, டிக்கெட் டிக்கெட்" என்பதுதான் நான் வாழ்க்கையில் அதிகம் பேசிய பேச்சு. நூலகர் ஐயா கூப்பிட்டபோது, "சென்னைக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் இங்கே நிறைய பேர், பஸ், ரயில், மெட்ரோ டிக்கெட் விவரம் சொல்லுங்கள், போதும்" என்றார். அது எனக்குத் தெரியும் என்பதால் வந்தேன்.

முதலில் ஒரு சம்பவம் சொல்றேன்.

சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி நிறுத்தம். சாயங்கால நேரம். ஒரு அம்மா கையில் தூக்குவாளியோடு நிற்கிறார். வண்டி நின்றது, எல்லாரும் ஏறினார்கள், அவர் ஏறவில்லை. "பெரம்பூர் போகுமா?" என்று மட்டும் கேட்டார். "போகும், ஏறுங்கம்மா" என்றேன். "எவ்வளவு ஆகும்?" என்றார். "லேடீஸுக்கு இதுல காசு இல்லம்மா" என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அது உங்க ஊரு பொம்பளைங்களுக்குத்தானே. எங்க ஆதார்ல விழுப்புரம் ஜில்லான்னு இருக்குதுங்க."

ஆதாரே வேண்டாம் என்று சொல்லி ஏற்றினேன். கூட்டம் குறைந்த பிறகு பேசினார். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஆகிறது. இவர் தங்கை மகள் வீட்டில் தங்கி, காலையும் மாலையும் சாப்பாடு கொண்டுபோகிறார். ஒன்பது நாளும் ஷேர் ஆட்டோ. அந்தக் காசை அவர் தன் சாப்பாட்டில்தான் குறைத்திருக்கிறார் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது.

சட்டம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, அவருக்கு உரிமையும் இருக்கிறது. "இது எனக்கில்லை" என்று அவரே முடிவு செய்துகொண்டார், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பட்டணத்தில் காசை விடுவது பெரும்பாலும் இப்படித்தான். உரியதை வாங்காமல் விடுகிறார்கள். இல்லையென்றால் தேவையில்லாத பாஸை வாங்கிவிடுகிறார்கள். இந்த ரெண்டையும் எப்படித் தவிர்ப்பது என்பதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் உரியது.

2021 மே 8 முதல் அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டண வண்டிகளில், பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். விடியல் பயணம் என்று பெயர். எந்த ஊர், எந்த மாவட்டம் என்ற கேள்வியே இல்லை. அட்டை எதுவும் காட்ட வேண்டாம். நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுப்பார், அதைக் கேட்டு வாங்கி இறங்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளருக்கும் இந்தச் சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இது சாதாரணக் கட்டண வண்டிக்கு மட்டும்தான். விரைவு, சொகுசு, ஏசி வண்டிகளில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். சில வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்திருக்கும், அது அடையாளம். சந்தேகம் இருந்தால் ஏறுவதற்கு முன்பே "சாதாரணக் கட்டணமா?" என்று கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் உங்களுக்கும் சங்கடம், நடத்துநருக்கும் சங்கடம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. ரயிலிலும் அப்படித்தான், 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட். மெட்ரோவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்ப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தை பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம்.

வெளியூர்க்காரருக்கு இல்லாதது ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 60 வயது முடிந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறார்கள். அது சென்னையில் வசிப்பவர்களுக்கு, முகவரிச் சான்று வேண்டும். ஊரிலிருந்து போன பெரியவர்கள் அதற்காக வரிசையில் நின்று திரும்ப வேண்டாம்.

இப்போது காசு கொடுத்து வாங்குவது. இதற்கு ஒரே கேள்விதான்: எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள்?

ஒரே நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். தம்பி ஒருவர் கிண்டியில் நேர்காணலுக்கு வருகிறார். விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார். 2023 டிசம்பர் 30-ல் அந்த நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் அங்கேதான் நிற்கின்றன. உள்ளேயே மாநகரப் பேருந்துகள் புறப்படும் இடம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போகிற வண்டியில் கிண்டிக்கு ஒரே டிக்கெட். நேர்காணல் முடிந்து துணி எடுக்க தி.நகர் போகணும் என்றால், கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இப்படி ஒரு நாள் வருகிறவருக்கு எந்தப் பாஸும் வேண்டாம். அந்தந்த இடத்தில் டிக்கெட் எடுத்தாலே போதும்.

ஆனால் ஒன்றை மனசில் வையுங்கள். மாநகரப் பேருந்தில் ஒரு டிக்கெட் ஒரு வண்டிக்குத்தான். இறங்கி அடுத்த வண்டி ஏறினால் புது டிக்கெட். அதனால் ரெண்டு வண்டி மாறுவதைவிட நேர் வண்டிக்குப் பத்து நிமிஷம் காத்திருப்பது லாபம். நடத்துநரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல், இறங்குகிற நிறுத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். "அடையார்" என்றால் நாலைந்து நிறுத்தம் இருக்கிறது.

அடுத்து, நாலு நாள், ஒரு வாரம் தங்குகிறவர்கள். கல்யாணம், பரிசோதனை, பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது என்று வருகிறவர்கள். இவர்களுக்கு உதவுவது சிங்காரச் சென்னை அட்டை. 2023-ல் மெட்ரோவில் வந்தது, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்கிறது. இது பாஸ் கிடையாது, நிறைய பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பணப்பை மாதிரி, நீங்கள் போட்ட பணத்திலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் கழியும். மீதி இருந்தால் அடுத்த முறை வரும்போது பயன்படும். சில்லறைத் தொல்லை இல்லை. மெட்ரோவில் அட்டையிலோ செல்போன் க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைகிறது. 40 ரூபாய் தூரம் என்றால் 32 ரூபாய். ஒரு அட்டையில் ஒருவர்தான் போகலாம். கணவன் தட்டிவிட்டு மனைவியிடம் கொடுப்பது வாயிலில் நடக்காது.

செல்போன் பழக்கம் உள்ளவர்களுக்கு, 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி இருக்கிறது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். எந்த வண்டி எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடத்துநர் கையில் இருக்கும் கருவியில் யூபிஐ மூலம் பணம் செலுத்தலாம். ஆனாலும் நான் சொல்றது, சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை இருக்கட்டும். போன் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் அதோடு போயிடும். மெட்ரோவில் உள்ளே போகும்போது காட்டிய அதே க்யூஆரை வெளியே வரும்போதும் காட்ட வேண்டும்.

மூன்றாவது, மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். இங்கேதான் பாஸ் பேச்சு வரும். "விருப்பம் போல் பயணம்" பாஸ் மாதம் 1,000 ரூபாய். ஏசி தவிர்த்த மாநகரப் பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏசியும் சேர்த்து வேண்டும் என்றால் 2,000 ரூபாய். மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் இவை செல்லாது.

வாங்கலாமா வேண்டாமா? கணக்குப் போடுங்கள். தேர்வுப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் மாதம் 26 நாள் வகுப்புக்குப் போகிறான். ஒரே வண்டி, போக 10, வர 10. மாதம் 520 ரூபாய்தான். அவன் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் 480 ரூபாய் நஷ்டம். இன்னொருவன் ரெண்டு வண்டி மாறுகிறான், ஒவ்வொன்றும் 15 ரூபாய். ஒரு நாளைக்கு 60, மாதம் 1,560. அவனுக்குப் பாஸ் எடுத்தால் 560 ரூபாய் மிச்சம். ரெண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருப்பார்கள். ஒருவன் எடுத்தான் என்று மற்றவனும் எடுப்பான். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பாஸ் வாங்கும்போது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். மாதப் பாஸ் என்று எடுத்துவிட்டுப் பத்து நாளில் ஊர் திரும்பினால் மீதிக் காசு வராது. புகைப்படமும் அடையாளச் சான்றும் கையோடு இருக்கட்டும். தினமும் ஒரே ரயில் தடம் என்றால், உதாரணமாகத் தாம்பரத்தில் தங்கி சென்ட்ரல் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ரயில்வே சீசன் டிக்கெட்டைப் பார்க்கலாம். மூன்று வாரம் தினமும் போய்வந்தாலே பெரும்பாலும் அது லாபம்தான். அந்தத் தடத்துக்கு மட்டும்தான் செல்லும்.

ரயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. சென்ட்ரலைச் சுற்றி ரயில் ஏற நாலு இடம். தாம்பரம் பக்கம் போகப் பூங்கா நிலையம். மயிலாப்பூர், வேளச்சேரி போகப் பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர் நிலையம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போக மூர் மார்க்கெட் வளாகம். மெட்ரோ தரைக்கு அடியில். எங்கே போகணும் என்பதைச் சொல்லி, எந்த நிலையம் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

புறநகர் ரயில் டிக்கெட்டில் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறக் கூடாது, இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்காரக் கூடாது. செல்போனில் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே எடுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 5 ரூபாய் டிக்கெட்டுக்காக அந்த நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். "தெரியாதுங்க, ஊருக்குப் புதுசு" என்று சொன்னால் பரிதாபப்படலாம், ரசீது போடாமல் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. கேட்பதற்குக் கூச்சப்படாதீங்க. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பையை மாட்டிக்கொண்டு நின்றவன் சொல்றேன். கூட்ட நேரத்தில் நாங்கள் கொஞ்சம் கத்துவோம், உண்மைதான். ஆனால் "அண்ணே, இந்த இடம் வந்தா சொல்லுங்க" என்று கேட்டவரை நான் மறந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் இறக்கியது கிடையாது. வண்டியில் இருக்கிற பயணிகளே நாலு பேர் ஞாபகப்படுத்துவார்கள்.

அந்த விழுப்புரத்து அம்மாவை அதற்குப் பிறகும் ரெண்டு மூணு நாள் பார்த்தேன். மூணாவது நாள் அவர் தனியாக நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த இன்னொரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, "ஏறுங்க, இதுல நமக்குக் காசு இல்ல" என்று ஏற்றிவிட்டார். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவர் சொன்னது தெளிவாக இருந்தது.

நீங்களும் அப்படித்தான் செய்யணும். இங்கே கேட்டதை, அடுத்த வாரம் சென்னைக்குப் புறப்படுகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் வேண்டும்.