நோயாளியின் கடவுளைப் பற்றியும் கேட்போம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோயாளியின் பசி, தூக்கம், வலி பற்றி வைத்தியர்களாகிய நாம் தவறாமல் கேட்கிறோம். அவருடைய கடவுளைப் பற்றிக் கேட்பது அரிது. அந்தக் கேள்விக்கே தம் கல்வி வாழ்வைக் கொடுத்த ஒருவரை இன்று நினைவுகூருகிறோம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், போலிங் கிரீன் அரச பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்த உளவியல் பேராசிரியர் கெனத் பார்கமன்ட். துன்பத்தைத் தாங்கச் சமயம் எவ்வாறு பயன்படுகிறது என்பது பற்றிய அவரது பெருநூல் 1997 இல் வெளிவந்தது. சமயம் நல்லதா கெட்டதா என்று அவர் வழக்காடவில்லை. எத்தகைய நம்பிக்கை, எவருக்கு, எந்த வேளையில் என்ன செய்கிறது என்று பார்த்தார். "கடவுள் துணை இருக்கிறார்" என்று தேறுபவர் உண்டு. "என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்று உள்ளுக்குள் உடைபவரும் உண்டு.

வைத்தியசாலையில் இருந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 596 நோயாளரை அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவு 2001 இல் வெளியானது. உடல்நிலை, மனநிலை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும், கடவுளோடு போராடியவர்களிடையே இறப்பு அபாயம் கூடியிருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் அந்தப் போராட்டத்தைக் கவனியாது விடலாகாது என்பதற்கு இது போதும்.

எமது மண்ணுக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் உளக்காயங்களை ஆராய்ந்தபோது சடங்குகளின் ஆற்றும் வலிமையையும் எடுத்துரைத்தார். காணாமற்போனவருக்கு அந்தியேட்டி செய்வதா, காத்திருப்பதா என்று தவிக்கும் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே எம்மிடையே உள்ள வைத்தியர்களும் தாதியர்களும், வீட்டில் முதியவரைப் பராமரிப்பவர்களும் இப்படிக் கேட்கலாம்: "அம்மா, இந்த நேரத்தில உங்களுக்கு எது தைரியம் தருது? கடவுளோட ஏதும் மனக்கசப்போ?" பதிலைத் திருத்தவேண்டாம், போதிக்கவும் வேண்டாம், கேட்டிருப்போம். அவர் விரும்பினால் குருக்களையோ, பாதிரியாரையோ, மௌலவியையோ அழைப்போம். மருந்தும் நிற்காமல் தொடரட்டும்.

பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்த பாடசாலை இது. மற்றவரின் கடவுளை மதித்துக் கேட்க நாம் இங்கேயே பழகியவர்கள்.