மேடைச் சவாலின் யோக்கியதை
(மயிலாப்பூரில் பேசியது)



2017ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரையில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். உடனே அது கெடுதலான ஊசி என்பதாக வாட்சப்பில் வதந்தி கிளம்பிற்று. பெற்றோர் பலர் பயந்துவிட்டபடியால் கெடுவையே நீட்டிக்க நேர்ந்தது. அச்சமயம் மந்தைவெளியிலுள்ள எனது சிநேகிதர் ஒருவர், "இதில் சதி இல்லையென்றால் டாக்டர் மேடைக்கு வந்து வாதாடட்டுமே! வரமாட்டேன் என்கிறாரே, அதிலேயே தெரியவில்லையா?" என்றார்.

தோழர்களே! அந்த மேடையின் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். மேடை அவருடையது, கேள்வி அவருடையது, நேரம் குறிப்பவரும் அவரே, மத்தியஸ்தரும் அவருடைய ஆளே. "விஷம்" என்று சொல்ல ஒரு நொடி போதும். விஷமல்ல என்று காட்டவோ, மருந்து செய்த விதம், சோதித்த விதம் எல்லாம் சொல்லியாக வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும். குற்றம் சாட்டுகிறவனல்லவா ருஜுப்படுத்த வேண்டும்? இங்கோ "சதி இல்லை என்று நீ ருஜுச் செய்" என்கிறார்கள். வந்தால் தோல்வி, வராவிட்டால் ஓட்டம். இதற்குப் பெயர் வாதமா?

சரி, போய் ஜெயித்தேவிட்டால்தான் என்ன ஆகும்? 1870ல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், பூமி தட்டையே என்றும், வளைவு உண்டென்று காட்டினால் 500 பவுண்டு என்றும் பந்தயம் கூறினார். டார்வினைப் போலவே பரிணாமத்தின் வழியைக் கண்ட ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒப்புக்கொண்டார். (அந்த வாலஸ் ஆவிகளை நம்பியவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) பெட்ஃபோர்டு கால்வாயில் ஆறு மைல் தூரத்துக்கு, இரு முனையிலும் நடுவிலும் தண்ணீருக்கு மேல் ஒரே உயரம் வைத்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்தார்கள். நடுக்குறி மேலே தூக்கி நின்றது. ஹாம்ப்டன் தரப்பு மத்தியஸ்தர் தட்டைக் கட்சிக்காரர். அவர் அதே கண்ணாடியில் பார்த்துவிட்டு, தட்டையே என்றார்! பணத்தை வைத்திருந்த பத்திராதிபர் வால்ஷ், வாலஸுக்கே தீர்ப்புச் சொல்லிப் பணத்தையும் கொடுத்தார். ஹாம்ப்டனோ வால்ஷ் மேல் வழக்குத் தொடுத்து, பந்தயம் சட்டப்படி செல்லாது என்று 1876ல் தீர்ப்புப் பெற்றுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாலஸைப் பல வருஷம் ஏசி எழுதினார், அவர் மனைவிக்கு மிரட்டல் கடிதம் எழுதினார், ஜெயிலுக்கும் போனார். பூமி உருண்டை என்று மட்டும் ஒப்பவில்லை.

இனி நம் பக்கத்து அடையாறுக்கு வாருங்கள். அங்கே பிரம்மஞான சபையின் மாளிகையில் ஒரு பெட்டிக்குள் மகாத்மாக்களின் கடிதம் தானாக வருகிறதென்றார்கள். 1884ல் அங்கு வேலை பார்த்த கூலோம் தம்பதிகள், அது ஏமாற்று என்று வெளியிட்டார்கள். லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ஹாட்ஜ்சன் மேடை போடவில்லை. சில மாதம் தங்கி, சுவரைப் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, எல்லாம் புரட்டு என்று எழுதினார். 1885ல் அது அச்சாயிற்று. (பெட்டி அவர் வருமுன்பே அழிக்கப்பட்டுவிட்டது!) அவருடைய கையெழுத்துப் பரிசோதனை சரியில்லை என்று 1986ல் வெர்னன் ஹாரிசன் மறுத்து எழுதினார். எழுதட்டுமே! காகிதம் இருக்கிறது, எவரும் திரும்பப் பார்க்கலாம். கைதட்டலைத் திரும்பப் பார்க்க முடியுமா?

ஆகவே என் சிநேகிதரிடம், "மேடை வேண்டாம். உமது சந்தேகங்களை எழுதும்; டாக்டர் பதிலும் எழுத்தில் வரட்டும். என்ன ருஜு வந்தால் நீர் மாறுவீர் என்பதை முதல் வரியில் எழுதிவிடும்" என்றேன். அந்த முதல் வரியை அவர் இன்னும் எழுதவில்லை. அவருடைய துணைவியார் அந்த வாரத்திலேயே பெண்ணை அழைத்துப் போய் ஊசி போட்டுவிட்டு வந்துவிட்டார்.