சான்றிதழ்த் தேர்வு வகுப்பில் தமிழ்



இந்தச் சொற்பொழிவு வரிசைக்கு எங்களை அழைத்த மன்றத்தார், பேச்சுத்தமிழின் ஒலியியல் பற்றியோ வேற்றுமை உருபுகளின் வரலாறு பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். ஓய்வுபெற்ற மொழியியலாளரிடம் எதிர்பார்க்கத்தக்கவை அவையே. ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக வார இறுதிகளில் எங்களை ஆட்கொண்டிருப்பது வேறொரு பணி. கணினி வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தமாகும் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். 'நாங்கள்' என்றது மரியாதைப் பன்மையன்று; மெய்யாகவே இருவர். ஒருவர் வலையமைப்புப் பொறியாளர்; முப்பது வயதைக் கடந்தவர். மற்றவர் இப்போது உங்கள்முன் நிற்பவர். தொழில்நுட்பம் அவர் பொறுப்பு. அது கற்பவர் செவிக்குள் எவ்வழியாகப் புகும் என்று பார்ப்பது எங்களில் மூத்தவர் பொறுப்பு.

நாங்கள் கற்பிப்பது சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வுக்கான பாடம். 1998-இல் தொடங்கிய சான்றிதழ் அது. முன்பு இரண்டு படிகளாகவும் எழுதக்கூடியதாயிருந்த தேர்வு, 2020 பிப்ரவரியில் 200-301 என்னும் ஒரே தேர்வாயிற்று. நேரம் 120 நிமிடங்கள். கட்டணம் 300 அமெரிக்க டாலர் என்ற கணக்கில்தான் எங்கள் மாணவர்கள் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு வினாவுக்கு விடையளித்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால் திரும்பி வர இயலாது. பள்ளித் தேர்வில் "தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் பார்" என்று பழகிய தலைமுறைக்கு இது பெரிய அதிர்ச்சி.

கற்க வந்தவர்கள் எவர்? கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர். பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலை தேடும் தாய்மார் இருவர். மின்தூக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர். இவர்களோடு, பதினோராண்டுகளாக அலுவலகக் கட்டடங்களில் உள்கூரைக்கு மேலே ஊர்ந்து ஊர்ந்து கேபிள் இழுத்த ஒருவரும் வந்தார். கேபிளின் இரு முனைகளையும் அவர் அறிவார். உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அறியார். ஏணியிலிருந்து இறங்கிச் சாதன அறைக்குள் நுழைய வேண்டும் என்பதே அவர் விருப்பம். 2016 முதல், 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசு 500 வெள்ளி பயிற்சித் தொகை வழங்கியதை நாம் அறிவோம். பணத்தால் அடைபட்ட கதவை அது ஓரளவு திறந்தது. மொழியால் அடைபட்ட கதவு அப்படியே இருந்தது.

அந்தக் கதவைத் திறக்கிறோம் என்று எண்ணி, முதல் அணிக்கு நாங்கள் ஒரு பிழை செய்தோம். அழகான பிழை. பாடம் முழுவதற்கும் தூய தமிழ்க் கலைச்சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கினோம். ரூட்டர் திசைவி ஆயிற்று. சுவிட்ச் நிலைமாற்றி ஆயிற்று. சப்நெட் துணைவலை ஆயிற்று. இலங்கைத் தமிழர் திசைவியை வழிப்படுத்தி என்பார்கள் என்று அடிக்குறிப்பு வேறு. பட்டியலைப் பார்த்து எங்களில் மூத்தவர் கொண்ட பெருமிதத்தை இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் நன்கு விடை சொன்னார்கள். தேர்வு மையத்தில் திரை முழுவதும் ஆங்கிலம். கேபிள் தொழிலாளர் தேறவில்லை. வெளியே வந்து அவர் சொன்ன சொல் இது: "சார், கேள்வி புரிஞ்சிருந்தா பதில் தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுதிய தேர்வை அவர் நினைவிலிருந்து மீட்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒவ்வொருவரும் உறுதியளித்துவிட்டே உள்ளே செல்கிறார்கள். அதற்கு மாறாக, நாங்களே எழுதிய மாதிரி வினாக்களை அவர்முன் வைத்து, எந்த இடத்தில் கண் தடுமாறுகிறது என்று பார்த்தோம். அங்கேதான் எங்கள் எண்ணம் தலைகீழாயிற்று. ரூட்டர், சுவிட்ச் என்னும் சொற்களில் அவர் தடுமாறவில்லை. பதினோராண்டுகளாக அவர் வாயில் புழங்கிய சொற்கள் அவை. அவற்றைப் பிடுங்கிக்கொண்டு திசைவியைக் கையில் கொடுத்தவர்கள் நாங்கள். அவர் தடுமாறியது 'அன்லெஸ்', 'எக்செப்ட்', 'லீஸ்ட்', 'ஆல்ரெடி' போன்ற சிறு சொற்களில். கலைச்சொல் அகராதி எதிலும் இவற்றுக்கு இடமில்லை. "எக்செப்ட்" என்றால் "ஏற்றுக்கொள்" என்று அவர் நினைத்திருந்தார். 'ஆக்செப்ட்' என்பதன் நிழல். அந்த ஒரு மயக்கம் சரியான விடையைத் தவறாக்கப் போதுமானது.

மற்றொன்று, வாக்கிய அமைப்பு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வரும். அதுவரை நாம் பொறுமையாகக் காத்திருப்போம். சான்றிதழ் வினாக்கள் பல, ஓர் அலுவலகத்தின் கதையை நான்கைந்து வரிகளில் சொல்லிவிட்டுக் கடைசி வரியில்தான் எதைக் கேட்கிறோம் என்று சொல்கின்றன. காம்ப்டியா நிறுவனத்தின் ஏ பிளஸ் தேர்வில் இது இன்னும் மிகுதி. 'ஃபர்ஸ்ட்', 'பெஸ்ட்' என்னும் சொற்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டே கேட்பார்கள். செய்யத்தக்கவை நான்கும் சரியாயிருக்கும்; முதலில் செய்யத்தக்கது ஒன்றுதான். ஆகவே, கடைசி வரியை முதலில் படியுங்கள் என்றோம். "வினைமுற்றைத் தேடுவது போலவா?" என்று கேட்டார் தாய்மாருள் ஒருவர். ஆம், அப்படியேதான். பள்ளியில் கற்ற இலக்கணம் பயன்படும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. உண்மையில் நாங்களும் நினைத்திருக்கவில்லை.

இந்நிலையில், பயிற்றுநர் தாமே எழுதாத தேர்வுக்குப் பிறரை ஆயத்தப்படுத்துவது முறையன்று என்று இருவரும் பதிவு செய்துகொண்டோம். பொறியாளர் முன்பே ஒருமுறை தேறியவர். மூன்றாண்டுக் காலம் முடிந்திருந்ததால் மீண்டும் எழுதித் தேறினார். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் தேறவில்லை. அவருக்கு ஆங்கிலம் தடையன்று. ஒவ்வொரு வினாவின் தொடரமைப்பையும் அவரால் பகுத்துக் காட்ட முடிந்தது. ஆனால் அவர் ஒரு சுவிட்சைத் தம் கையால் இயக்கியதில்லை. பகுதிவாரியாக விழுக்காடு காட்டும் தாள் ஒன்று கைக்கு வந்தது. தேர்வில் கால்பங்கு கொண்ட ஐபி இணைப்புப் பகுதியில் கிடைத்த எண்ணை இந்த அவையில் சொல்வதற்கில்லை. கேபிள் தொழிலாளருக்குப் பொருள் தெரிந்தும் மொழி எட்டவில்லை. இவருக்கு மொழி எட்டியும் பொருள் எட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை இதை வகுப்பில் சொன்னோம். அன்றுதான் முதன்முறையாக எல்லோரும் தயக்கமின்றிக் கேள்வி கேட்டார்கள்.

அதன்பின் பாடம் நடத்தும் முறை மாறிற்று. விளக்கம் தமிழில், பெயர்கள் அவர்கள் தொழிலில் புழங்கும் வடிவிலேயே, வினா ஆங்கிலத்தில், விடைக்கான காரணம் மீண்டும் தமிழில். துணைவலைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பலர் அஞ்சி ஓடும் இடம் அது. நாங்கள் வீவக அடுக்குமாடியை எடுத்துக்கொண்டோம். முகவரியில் புளோக் எண் ஒன்று, வீட்டு எண் ஒன்று. 192.168.10.70 என்னும் எண்ணில் புளோக் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது? அதைச் சொல்வதே மாஸ்க். மொத்தம் 32 பிட்டுகள். அவற்றுள் 26 புளோக்குக்கு என்றால் எஞ்சியவை ஆறு. ஆறு பிட்டுகளால் 64 எண்கள். எனவே 0 முதல் 63 வரை ஒரு புளோக், 64 முதல் 127 வரை அடுத்தது. 70 என்பது இரண்டாம் புளோக்கில் குடியிருக்கிறது. முதல் எண் 64, புளோக்கின் பெயர்ப்பலகை. அங்கே எவரும் குடியிருக்க முடியாது. கடைசி எண் 127, மின்தூக்கி அருகே ஒட்டும் அறிவிப்பு போன்றது. அதற்கு அனுப்பினால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். ஆகவே குடியிருக்கத்தக்க எண்கள் 62. கிடங்கு மேற்பார்வையாளர் இதைக் கேட்டுவிட்டு, தம் புளோக்கில் அறிவிப்பை எவரும் படிப்பதில்லை என்றார். உவமை அவ்வளவு தூரம் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அனுமதிப் பட்டியலுக்கு இலக்கணமே கைகொடுத்தது. ரூட்டரில் எழுதும் ஏசிஎல் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். எந்த வரியும் பொருந்தாவிட்டால், எழுதப்படாத ஒரு கடைசி வரி செயல்படும்: அனைத்தையும் மறு. எழுதாத வரி எப்படிச் செயல்படும் என்று குழம்பினார்கள். வேற்றுமைத்தொகையை நினைவூட்டினோம். உருபு கண்ணுக்குத் தெரியாது. தொக்கு நின்று பொருள் தரும். பொறியாளருக்கு இந்த விளக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் எவரும் அந்த வரியை மறக்கவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். ஆங்கில நூலில் 'வீ' என்று வருமிடத்தில் பொறியாளர் தொடக்கத்தில், "இப்ப நாங்க இந்த ரூட்டரை கான்ஃபிகர் பண்றோம்" என்பார். மாணவர்கள் கைகட்டிக்கொண்டு பார்ப்பார்கள். "நாம பண்ணுவோம்" என்று சொல்லுமாறு கேட்டுக்கொண்டோம். கைகள் விசைப்பலகைக்குச் சென்றன. இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, எண்ணிக் கணக்கெடுக்கவுமில்லை. ஆயினும் கேட்போரை உள்ளடக்கும் பன்மையும் விலக்கும் பன்மையும் தனித்தனியே உள்ள மொழியில் கற்பிப்பவர், அந்த வேறுபாட்டை வீணாக்கலாகாது.

பயிற்றுநரின் ஆயத்தத்தைப் பற்றி வெளியார் அறிவது குறைவு. ஒரு மணிநேர வகுப்புக்கு எங்களுக்கு நான்கு மணிநேரம் செல்கிறது. முதல்நாள் இரவு பொறியாளர் செய்முறையைப் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் தொடக்கம் முதல் செய்து பார்ப்பார். மூத்தவர் அருகிலிருந்து ஒவ்வொரு படியிலும் பிழை செய்வார். வேண்டுமென்றே செய்வதில்லை, இயல்பாகவே வரும். அப்பிழைகளைக் குறித்துக்கொண்டால் மறுநாள் வகுப்பில் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. இரண்டாம் முறை எழுதுமுன் கேபிள் தொழிலாளர் ஓர் அச்சுக் கட்டைக் கொண்டுவந்தார். 'டம்ப்ஸ்' என்பார்கள், தேர்விலிருந்து களவாடிய வினாக்களும் விடைகளும் என்று விற்கப்படுவது. இதையே நடத்துங்கள் என்றார். மறுத்தோம். விதிமீறல் தெரியவந்தால் சான்றிதழே செல்லாமற் போகும் என்றோம். "உங்களுக்கு இது பொழுதுபோக்கு, சார். எனக்குப் பொழப்பு" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. சாதன அறையில் இணைப்பு அறுந்துபோன முதல் இரவில் இந்தத் தாளா உதவும் என்று பொறியாளர் கேட்டார். அது சரியான கேள்விதான். ஆனால் அந்த முதல் இரவுவரை போய்ச் சேரவே அவருக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை.

நான்காம் வாரம் வந்தார். கட்டை மேசைமேல் வைத்தார். "இதுல ஒரு பதில் தப்பு, சார்" என்றார். எழுபதாம் எண் வீட்டுக்கு, 26 பிட் மாஸ்க்கில், அறிவிப்பு எண் 95 என்று அச்சிட்டிருந்தது. "புளோக்கை முப்பத்திரண்டு முப்பத்திரண்டா வெட்டினாதான் தொண்ணூத்தஞ்சு வரும். இது அறுபத்துநாலு. நூத்திருபத்தேழு வரணும்." பலகையருகே சென்று தாமே வரைந்து காட்டினார், வினாவின் ஆங்கிலத்தையும் உரக்கப் படித்துக் காட்டினார். பொறியாளர் ஒன்றும் பேசாமல் தேநீர் வாங்கிவரச் சென்றுவிட்டார். அந்தக் கட்டை அவர் திரும்ப எடுத்துச் செல்லவில்லை.

அவர் அடுத்த மாதம் மீண்டும் தேர்வெழுதுகிறார். எங்களில் மூத்தவரும் அதே வாரத்தில் எழுதுகிறார். இருவரும் கட்டணம் கட்டியாயிற்று. திங்கட்கிழமை மாலைகளில் அவர் இவருக்குச் சுவிட்சைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார். இவர் அவருக்கு 'அன்லெஸ்' கற்றுக்கொடுக்கிறார். இங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்களுள் எவரேனும் மாலையில் ஓரிரு மணிநேரம் ஒதுக்க இயலுமாயின், மூன்றாம் அணிக்கு மாதிரி வினாக்கள் எழுத ஆள் தேவை. கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.  வினாக்களை இப்போது கேட்கலாம்.